புதுக்கி விற்றலும் புதிதாய்க் கட்டலும்

நோன்புப் பெருநாள் கழிந்த மூன்றாம் நாள், முன்னொரு காலத்தில் என்னிடம் இலக்கணம் கற்ற மாணவர் ஒருவர் பாலமுனையிலுள்ள என் இல்லத்துக்கு வந்தார். இலக்கணம் கற்றார் என்பதினும் இலக்கண வகுப்பில் அமர்ந்திருந்தார் என்பதே பொருந்தும். வேற்றுமைத் தொகையும் உவமைத் தொகையும் கடைசிவரை அவரை அணுகவில்லை. வேறொரு தொகையை ஈட்டும் வித்தை மட்டும் அவருக்கு நன்கு கைவந்திருக்கிறது. கத்தாரில் சில ஆண்டு உழைத்துத் திரும்பியவர், பழைய வீடுகளை வாங்கி, கூரை மாற்றி, சுவர் பூசி, புதுக் குளியலறை அமைத்து, நிறம் தீட்டி விற்று வருகிறார். ஒன்பது ஆண்டில் ஏழு வீடுகள். ஒன்றிலேனும் நட்டப்பட்டதில்லை என்று ஊரார் சொல்வர்.

"சேர், கம்பனி ஒண்டு பதியலாமெண்டு யோசிக்கிறன். பழைய வீட்டத் திருத்தித் திருத்தி விக்கிறத விட, புதுசாக் கட்டிக் குடுத்தா என்ன? ஒங்கட யோசனையக் கேட்டுட்டுத்தான் செய்யணும் எண்டு வந்தன்" என்றார்.

இலக்கணம் கற்பிப்பவனிடம் கட்டட நிறுவனத்துக்கு யோசனை கேட்பதா என்று நேயர்கள் நகைக்கலாம். நானும் நகைத்தேன். ஆயினும் கட்டடம் கட்டுவிப்போர் படும் பாட்டை நேரே பட்டவன் என்னும் தகுதி எனக்குண்டு. அதனைப் பின்னர்ச் சொல்லுவேன். இலக்கியப் பக்கத்தில் இப்பேச்சு எதற்கு என்பாரும் இருப்பர். நக்கீரர் பாடிய நெடுநல்வாடையில், சிற்ப நூல் அறிந்தோர் உச்சி வெயிலில் நிழல் பார்த்து, கயிறு பிடித்து, அரசனுக்கு மனை வகுக்கும் காட்சி இருக்கிறது. அரண்மனைக்குப் பத்துப்பாட்டில் இடமுண்டாயின், ஏழைத் தகப்பன் மகளுக்குக் கட்டும் வீட்டுக்கு இந்தப் பக்கத்தில் ஒரு மூலை கிடைக்காதா?

மகளுக்குக் கட்டும் வீடு என்றேன். வேறிடத்து நேயர்களுக்கு இதனைச் சற்று விரித்துரைக்க வேண்டும். கல்முனை தொடக்கம் அக்கரைப்பற்று வரையுள்ள இக்கரையோரத்தில், மணமகன் பெண்ணின் வீட்டுக்கு வந்து வாழ்வதே வழக்கம். மகளுக்கு மணம் பேசும்போதே வீடு பேசப்படும். மூன்று பெண்களைப் பெற்றவர் மூன்று வீடு கட்டியாக வேண்டும்; கடைசிப் பெண்ணுக்கும் கட்டி முடித்தபின் தாமும் மனைவியும் எங்கே படுப்பது என்று தேடுவோரும் உண்டு. முஸ்லிம்களுக்கு மட்டுமன்றி இப்பகுதித் தமிழர்க்கும் இது பொதுவான முறை. டெனிஸ் மக்கில்வ்ரே என்னும் அமெரிக்க மானிடவியலறிஞர் அக்கரைப்பற்றில் நெடுநாள் தங்கி, தாய்வழிக் குடிமுறையையும் இச்சீதன வீட்டையும் ஆராய்ந்து, 2008 இல் ஒரு பெருநூலே வெளியிட்டிருக்கிறார். நாம் அன்றாடம் சுமப்பதை ஒருவர் கடல் கடந்து வந்து ஆராய வேண்டியிருந்தது!

ஆகவே, எங்கள் ஊரில் வீடு என்பது வாங்கி வைத்து விலை ஏறும்வரை பார்த்திருக்கும் சரக்கு அன்று. அஃது ஒரு பெண்ணின் திருமணம். வயல் விற்ற பணம், வளைகுடா நாடுகளில் வெயிலில் நின்ற பணம், உம்மாவின் கழுத்திலிருந்து இறங்கிய பணம், எல்லாம் அத்திவாரத்துக்குள் போகின்றன. வீடு ஓராண்டு பிந்தினால் திருமணமும் ஓராண்டு பிந்தும். சில வேளைகளில் பேசிய இடமே தவறிப்போகும்.

இவ்வாறான ஊரில், திருத்திய வீட்டை ஆயத்தமாக வைத்திருந்து விற்கும் என் மாணவரின் தொழில் ஓர் உதவியே என்பதை மறுக்கேன். கட்டுவதற்கு அவகாசமில்லாத தகப்பன் அவரிடம் போகிறார். வீட்டைக் கண்ணாற் காண்கிறார். கதவைத் திறந்து பார்க்கிறார். நொத்தாரிசிடம் உறுதி முடித்துத் திறப்பை வாங்கிக்கொள்கிறார். ஆங்கிலம் பேசுவோர் இத்தொழிலைப் 'புரட்டுதல்' என்று பொருள்படும் ஒரு சொல்லால் வழங்குவர். தமிழிற் புரட்டு என்றாற் பொய் என்றும் பொருளுண்டு. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் சில வீடுகளில் ஒரு பூச்சின் கனமே என்பதை அவரும் அறிவார், யானும் அறிவேன்.

இனி அவர் கேட்ட வினாவுக்கு வருவோம். பழைய வீட்டைத் திருத்தத் தெரிந்தவனுக்குப் புதிய வீடு கட்டத் தெரியாதா? மேசனார் அவரே, ஓடாவியார் அவரே, சீமெந்துக் கடையும் அதே கடை. வேறுபாடு எங்கே இருக்கிறது? பலர் இதனைக் கைத்திறனில் தேடுவர். எனக்குத் தெரிந்தமட்டில் அது பணம் கைமாறும் வேளையில் இருக்கிறது.

திருத்தி விற்பவர் தம் பணத்தைப் போட்டு வாங்குகிறார். கூரையில் ஓட்டை கண்டால் அவருடைய பணமே ஒழுகுகிறது. வேலை மூன்று மாதம் பிந்தினால் அவரே வருந்துவார். வேறு எவரும் உறக்கம் இழப்பதில்லை. முடிந்த பொருளைக் காட்டி விலை பெறுகிறார். கட்டிக் கொடுப்பவரோ, இன்னும் இல்லாத ஒன்றுக்காகப் பிறர் பணத்தை முதலிலேயே வாங்குகிறார். முன்னவர் விற்பது வீடு. பின்னவர் விற்பது வாக்கு. விடு என்னும் முதனிலை திரிந்தே வீடு என்னும் சொல் பிறந்தது என்பர் இலக்கண நூலார். அவர் இதுவரை செய்தது விடுதல். கைவிட்டால் முடிந்தது. இனிச் செய்ய விரும்புவதோ கட்டுதல். அதிற் சுவர் மட்டுமன்றிக் கட்டுபவரும் கட்டுப்படுகிறார்.

இஸ்லாமிய வணிகச் சட்டம் பயின்றோர்க்கு இந்த வேறுபாடு புதிதன்று. இல்லாத பொருளை விற்றல் கூடாது என்பது பொது விதி. செய்வித்துப் பெறும் 'இஸ்திஸ்னா' என்னும் ஒப்பந்தத்தை ஹனபி அறிஞர் மக்கள் தேவை கருதி அனுமதித்தனர். நம் நாட்டு முஸ்லிம்கள் பின்பற்றும் ஷாபிஈ சட்டநெறியினர் அதனைத் தனி ஒப்பந்தமாக ஏற்காது, 'ஸலம்' என்னும் முற்பண விற்பனையின் கடும் நிபந்தனைகளுக்குள் அடங்கினால் மட்டுமே ஒப்புவர். அவர்கள் இத்துணைத் தயங்கியமைக்குக் காரணம் வெறும் நூல் வாதமன்று. கைக்கு வராத பொருளுக்குக் கொடுத்த பணம் என்னவெல்லாம் ஆகும் என்பதை அவர்கள் சந்தைகளிற் கண்டிருந்தனர்.

நான் அதனை என் வளவிலேயே கண்டேன். 2021 இன் பிற்பகுதியில் என் மூத்த மகளுக்கு வீடு கட்ட ஒரு கொந்தராத்துக்காரரிடம் முற்பணம் கொடுத்தேன். சேம இலாப நிதிபோல நான் சேர்த்து வைத்திருந்தது அவ்வளவுதான். அவர் பெயரையும் ஊரையும் சொல்லப்போவதில்லை. அத்திவாரம் எழுந்தது, சுவர் சன்னல் மட்டத்துக்கு வந்தது. பின்பு 2022 வந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் அரசு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாது என்று அறிவித்ததை நாடே அறியும். இரண்டு மாதத்துக்குள் டொலரின் விலை 200 ரூபாவைச் சுற்றியிருந்த நிலையிலிருந்து 350 ஐத் தாண்டியது. சீமெந்து மூடை ஓராண்டுக்கு முன் விற்ற விலையின் இரு மடங்குக்கு மேல் ஏறியது. கம்பியின் விலையை விசாரிக்கவே அஞ்சினோம். மணல் ஏற்றும் வாகனத்துக்கு டீசல் இல்லை.

கொந்தராத்துக்காரர் வேலையை நிறுத்தினார். நான் அவரைக் கள்வர் என்று நெடுநாள் எண்ணியிருந்தேன். இப்போது அவ்வாறு எண்ணவில்லை. எனக்கு முன்னர் முற்பணம் கொடுத்திருந்த ஒருவரின் கூரையை என் பணத்தில் முடித்திருக்கிறார். அவருடைய பணம் அதற்கு முந்திய ஒருவரின் நிலத்துக்குச் சீமெந்தாயிற்று. எனக்குப்பின் ஒருவர் முற்பணம் கொடுத்திருந்தால் என் வீடும் முடிந்திருக்கும். அவர் வீதியில் நின்றிருப்பார். ஆள் வருவது நின்ற அன்று சங்கிலியின் கடைசிக் கண்ணியாக நான் இருந்தேன், அவ்வளவே. வாங்கியதைத் தம் வயிற்றுக்கு அவர் தின்னவில்லை என்றே நம்புகிறேன். ஆனால் என் மகளின் திருமணம் பதினெட்டு மாதம் பிந்திற்று. அம்மாதங்களில் அவள் முகத்தைப் பார்த்தவன் நான்.

இது சிறிய ஊரின் சிறிய கதை என்று தள்ளிவிட வேண்டா. சீனாவில் எவர்கிராண்ட் என்னும் பெருநிறுவனம், கட்டி முடியாத வீடுகளுக்கு மக்களிடம் முன்னதாகவே பணம் வாங்கி, 2021 இல் கடன் செலுத்தத் தவறி, 2024 ஜனவரியில் ஹொங்கொங் நீதிமன்றத்தாற் கலைக்கப்பட உத்தரவாயிற்று. 2022 இல் அந்நாட்டின் பல நகரங்களில், முடியாத வீட்டுக்கு வங்கித் தவணை கட்ட மாட்டோம் என்று வாங்கியோர் மறுத்து நின்றனர். தொகையின் சுழியங்களை நீக்கிவிட்டுப் பார்த்தால் அதுவும் என் கொந்தராத்துக்காரரின் கணக்கே.

என் மாணவர் கேட்ட கேள்விக்கு இன்னும் நெருங்கிய முன்மாதிரி அமெரிக்காவில் உண்டு. நியூயோர்க்கை அடுத்த லோங் ஐலண்டில் ஏபிரகாம் லெவிட் என்னும் வழக்கறிஞர், பொருளாதார மந்தத்தின் தொடக்கத்தில், தம் நிலத்தை வாங்கியவர் பணம் செலுத்த இயலாமற் கைவிட்ட அரைகுறை வீடுகளைப் புதல்வர்களைக் கொண்டு முடித்து விற்றார். அவ்வாறு தொடங்கிய குடும்பம், 1947 முதற் சில ஆண்டுகளுக்குள் லெவிட்டவுன் என்னும் ஊரில் 17,000 க்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டிற்று. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரே வேலை. ஒருவன் வீடு வீடாகப் போய் வெள்ளை நிறம் மட்டும் தீட்டுவான். அடுத்தவன் சிவப்பு மட்டும். (கறுப்பினத்தவர்க்கு அங்கே வீடு விற்பதில்லை என்ற அவர்களது விதி அந்தப் புகழின் மீது படிந்த கறை; அதனை மறைத்துப் பேசலாகாது.) மகன் வில்லியம் லெவிட் நிறுவனத்தை 1968 இல் விற்றுப் பெருஞ்செல்வரானார். பின்னர்த் தொடங்கிய முயற்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக நொடித்து, 1994 இற் செல்வமிழந்தே இறந்தார். அத்துணைத் திறமை படைத்தவரையும் அது விடவில்லை.

இவற்றையெல்லாம் கேட்ட என் மாணவர், "அப்ப வேணாமெண்டு சொல்றீங்களா, சேர்?" என்றார்.

இல்லை. வேண்டாம் என்று சொல்ல என் நா எழவில்லை. ஏன் என்பதற்கு 2004 டிசம்பர் 26 ஐ நினைக்க வேண்டும். அன்று அம்பாறை மாவட்டத்திற் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கடல் கொண்டது. வேறெந்த மாவட்டமும் இந்நாட்டில் அவ்வளவு இழக்கவில்லை. அதன்பின் வீடுகள் வந்தன. வடக்கிலும் கிழக்கிலும் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டலாகாது என்று முதலில் விதித்து, ஓராண்டுக்குள் அவ்விதியைத் தளர்த்தினர். வெளியிலிருந்து வந்த நிறுவனங்கள் வெளியில் வரைந்த படங்களைக் கொண்டு கட்டின. அடுப்படிக்குப் பின்னாற் பெண்கள் புழங்க ஓர் ஒதுக்கம் வேண்டும் என்பதும், நாளை ஒரு மகளுக்காக வளவைப் பிரிக்க வேண்டியிருக்கும் என்பதும் அப்படங்களை வரைந்தோர்க்கு எவ்வாறு தெரியும்? அக்கரைப்பற்றுக்கு அண்மையில் நுரைச்சோலையிற் சவூதி உதவியால் எழுந்த 500 வீடுகள், யார்க்குக் கொடுப்பது என்ற வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், ஆண்டுக்கணக்கிற் குடிபுக ஆளின்றிப் பற்றை மண்டிக் கிடந்தன. அக்காலத்தில் எங்கள் இளைஞர் கல்லும் மண்ணும் சுமந்து நாட்கூலி பெற்றனர். கணக்கு எழுதிய கை வேறு ஊர்க் கை. எங்கள் மண்ணில் எங்கள் வீட்டைப் பொறுப்பேற்றுக் கட்டும் நிறுவனம் ஒன்றும் அன்று இருக்கவில்லை. ஒலுவிற் பல்கலைக்கழகத்திற் பொறியியற் பீடமும் இயங்கும் இந்நாளிலும் அதே நிலை தொடர்ந்தால் நாம் யாரை நோவது?

எனவே, அவர் கட்ட வேண்டும் என்பதே என் கருத்து. கம்பனி பதிவதைப் பற்றியே எனக்கு ஐயம். பதிதல் எளிது. 2007 இன் கம்பனிகள் சட்டப்படி ஒரே ஒரு பங்காளருடனும் பதியலாம். 'வரையறுக்கப்பட்ட பொறுப்பு' என்று பலகையிலும் எழுதலாம். அச்சொற்றொடரைக் காணுந்தோறும் என்னுள் இருக்கும் இலக்கண ஆசிரியன் முகம் சுளிக்கிறான். நீதிமன்றத்தில் அவ்வரையறை செல்லும். மாலையிற் கடற்கரையிற் காற்று வாங்கும்போது, வீடு முடியாத பெண்ணின் தகப்பன் எதிரே வந்தால் எந்த வரையறை காக்கும்? அரசாங்க வேலை எடுக்கலாம், பாடசாலைக் கட்டடம் எடுக்கலாம் என்பது அவருடைய கனவு. அதற்கு நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபையிற் பதிந்து, பண வரம்புக்கு ஏற்ற தரம் பெற வேண்டும். 2014 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டம் அச்சபையை நிறுவியது. அதுவும் செய்யலாம். ஆனால் 2022 இன் நெருக்கடியில் அரசு கொடுக்க வேண்டிய பணம் வராமல், வங்கிக் கடனுக்கு வட்டி ஏறி, தொழிலை மூடிய கொந்தராத்துக்காரர் நாடெங்கும் உளர். முடித்த வேலைக்கே பணம் வராத காலம் மீண்டும் வராது என்று எவர் உறுதி சொல்வார்?

நான் அவரிடம் சொன்னது இதுவே. முதலில் ஒரே ஒரு வீடு கட்டும், உமக்கல்ல, பிறருக்கு. அவ்வீட்டுப் பணத்துக்கென்று தனிக் கணக்குத் திறந்து, அதிலிருந்து வேறு எதற்கும் ஒரு சதமும் எடாதிரும். சுனாமிக்குப் பின் முழுதும் இழந்தோர்க்கு அரசு 2,50,000 ரூபாவை ஒருசேரக் கொடாமல், அத்திவாரம், சுவர், கூரை என்று வேலை எழ எழத் தவணையாகக் கொடுத்தது எங்கள் ஊர்த் தகப்பன்மார்க்கு நினைவிருக்கும். அந்த முறையையே எழுத்தில் வைத்துக்கொள்ளும். சீமெந்து விலை ஏறினால் யார் எவ்வளவு தாங்குவது என்பதையும் முதல் நாளே எழுதும். ஏறியபின் பேசுவது சண்டை. அவ்வீடு முடியும்வரை பழைய வீடு ஒன்றும் வாங்கக் கூடாது. மலிவாக ஒரு வீடு விலைக்கு வந்துவிட்டால் உம் கை எந்தப் பையை நாடும் என்பது உமக்கும் தெரியும். மேசனார்க்கும் கூலியாட்களுக்கும் மூன்று மாதம் உம் சொந்தப் பணத்திற் சம்பளம் கொடுக்க முடியுமா என்று பாரும். முடியாதாயிற் கம்பனிப் பேச்சை மறந்துவிடும்.

அவர் பொறுமையோடு கேட்டார். பிறகு, "இதெல்லாம் செய்யலாம் சேர்" என்றார். அந்த எளிமை எனக்கு அச்சம் தந்தது. "அப்படியானால் ஒன்று செய்வோம், தம்பி. நீங்கள் விற்ற வீடுகளை ஒருமுறை பார்த்து வருவோமா?" என்றேன். சற்று நேரம் பேசாதிருந்து, மோட்டார் சைக்கிளை எடுத்தார்.

முதல் வீட்டில் ஒரு குறையுமில்லை, தேநீர் தந்தார்கள். இரண்டாவது, ஆறு ஆண்டுக்கு முன் விற்றது. கடலுக்கு அண்மையில் இருந்தது. முன் மண்டபச் சுவரில் இடுப்பளவுக்கு உப்புப் பூத்துப் பூச்சு உதிர்ந்திருந்தது. வீட்டுக்காரப் பெண், "ஒவ்வொரு பெருநாளைக்கும் பெயின்ற் அடிக்கிறம் காக்கா, ஹஜ்ஜுப் பெருநாள் வரையும் நிக்கிதில்ல" என்று அவரைப் பார்த்துச் சிரித்தபடியே சொன்னாள். குற்றம் சாட்டும் குரலன்று. கடற்கரை வீடென்றால் அப்படித்தான் என்று அவள் நம்பியிருந்தாள். தூணின் அடியிற் கொங்கிறீற்று வெடித்து, உள்ளே கம்பி செம்மண் நிறத்தில் தெரிந்தது. கடல் மணலைக் கழுவாமற் கலந்தால் அதிலுள்ள உப்பு கம்பியைத் துருவேற்றும். துரு பருத்துக் கொங்கிறீற்றைப் பிளக்கும். இதை விளக்கப் பொறியியலாளர் வேண்டியதில்லை. எங்கள் மேசன்மார் எல்லார்க்கும் தெரியும்.

வெளியே வந்ததும் அவர் சொன்னார்: "வாங்கக்குள்ளயே தெரியும் சேர், இந்தச் செவரு. மேலால பூசித்தான் வித்தன்."

நான் மறுமொழி கூறவில்லை. மூன்றாம் வீட்டுக்குப் போகவும் இல்லை. அடுத்த வாரம் இரண்டு மேசன்மார் அவ்வீட்டுப் பூச்சைக் கல் தெரியக் கொத்திக்கொண்டிருப்பதைப் பாடசாலைக்குப் போகும் வழியிற் கண்டேன். செலவு யாருடையது என்று கேட்க எனக்கு உரிமையில்லை, ஆயினும் கேட்டேன். அவருடையதாம்.

கம்பனி இன்னும் பதியவில்லை. ஒரு தகப்பனுக்கு ஒரு வீடு கட்டப் பேசியிருக்கிறார். கொந்தராத்தை இங்கிலீசில் எழுதினால் அந்த மனிதருக்கு விளங்காது என்று, தமிழில் எழுதித் தருமாறு என்னைக் கேட்டிருக்கிறார். மூன்று நாளாக எழுதிக்கொண்டிருக்கிறேன். பூச்சுக்கு எத்தனை அங்குலக் கனம், மணல் எவ்விடத்து மணல் என்பவற்றைக் குறிக்க வேண்டியிருப்பதால், நாளை மேசனார் ஒருவரைக் கண்டு கேட்க வேண்டும்.